பூக்கட்டிப் பார்த்த பந்தயம்

பதிகங்களைப் பிழையின்றி ஓதத் தெரிந்தவனுக்கு நடுவுநிலைமையும் தானாகவே வாய்த்துவிடும் என்று நாற்பது வயது வரையில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தவை உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரண்டு பொம்மைக் கார்கள். ஒன்று சிவப்பு, மற்றொன்று பச்சை.

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தேன். சீமைக்குத் திரும்பிப்போன பெரிய துரை, கப்பலில் ஏற்ற விரும்பாத பொருள்களை எல்லாம் எங்கள் உத்தியோகத்தர் கழகத்துக்குத் தானமாக விட்டுச் சென்றார். கொம்பு முறிந்த மான் தலை ஒன்று, கிழிந்த டென்னிஸ் வலை ஒன்று, இவற்றோடு ஒரு பெரிய மரப்பெட்டி. பெட்டிக்குள் கறுப்பு நிறத்தில் வளைந்தும் நீண்டும் பல துண்டுகள் இருந்தன. அவற்றைக் கோத்தால் மேசை நிறையும் அளவுக்கு ஒரு நீள்வட்டப் பாதை உருவாகும். பாதையின் மீது இரண்டு பள்ளக்கோடுகள்; கோட்டின் இருபுறமும் மின்சாரம் ஓடும் தகட்டுக் கம்பிகள். காரின் அடியிலுள்ள சிறு முளை அந்தப் பள்ளத்தில் இறங்கி நிற்கும். கையிலுள்ள பிடியின் பொத்தானை அழுத்தினால் கார் ஓடும்; ஆசைப்பட்டு அதிகம் அழுத்தினால் வளைவில் தூக்கி எறியப்படும். வாழ்க்கைக்கே பொருந்தும் தத்துவம் என்று அன்றைக்கே கழகத்தில் ஒரு சிற்றுரை நிகழ்த்தினேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதங்கள் அந்தக் கார்கள் அசையவும் இல்லை. பிறகு தொழிற்சாலையின் பிட்டரை அழைத்து வந்தோம். இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர், இருபத்தாறு வயதிருக்கும், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலேயே பிறந்தவர். அவருடைய தாயார் அப்போதும் தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்கில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். பிட்டர் கம்பிகளைத் துடைத்து, கார்களின் வயிற்றைத் திறந்து ஏதோ செய்து, ஒரு மாலைக்குள் ஓடவைத்தார். ஓடுகிறதா என்று அவரே ஓட்டிக் காட்டினார். அன்று தொடங்கி அவரை முந்த எங்களில் ஒருவராலும் முடியவில்லை. ஓரளவு ஈடுகொடுத்தவர் டீமேக்கர் ஒருவர்தான்.

டீமேக்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். நசுக்கிய கொழுந்து புளித்துச் சிவந்து வரும்போது, எந்த நிமிடத்தில் அதை அடுப்புக்கு அனுப்புவது என்பதை மூக்கினாலேயே முடிவு செய்பவர் அவர். கடிகாரத்தைப் பார்க்கமாட்டார், ஒரு பிடி அள்ளி முகர்வார், "போடு" என்பார். அந்த ஒரு சொல்லில்தான் தோட்டத்தின் பெயர் நின்றது. என் மூக்கோ வேறு வகை. இருபது ஆண்டுகளாகப் பொடி போட்டுப் போட்டு, முகத்தின் நடுவே அழகுக்காக மட்டும் வைத்திருந்த உறுப்பு அது.

நான் கழகத்தின் செயலாளன். ஆகவே முறைப்படி ஒரு பந்தயம் நடத்தவேண்டும் என்று தீர்மானித்தேன். அங்கேதான் சிக்கல் எழுந்தது. பிட்டர் உத்தியோகத்தர் அல்லர். கழகத்தில் உறுப்பினராக முடியாது. சுவரிலிருந்த பலகையில் வெள்ளை வண்ணத்தால் என் கைப்பட எழுதிய உறுப்பினர் பெயர்களில் லயத்தில் பிறந்தவர் ஒருவருடைய பெயரும் இல்லை. கார்களுக்கு எண்ணெய் போடுவதற்காக உள்ளே வருவார். வந்தால் நின்றுகொண்டே இருப்பார். பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தும் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாதான் ஒரு வழி சொன்னார்.

"மத்தவங்க எல்லாந்தான் தோத்தாச்சு. டீமேக்கரும் பிட்டரும் மோதட்டும். பிட்டர் ஜெயிச்சா மெம்பரா எடுத்துக்குவோம். தோத்தா பழையபடி எண்ணெய்க் குப்பியோட நிக்கட்டும். என்னங்க டீமேக்கரய்யா, பயமா?"

"எனக்கென்னங்க பயம்? எழுதிக்கங்க கிளாக்கரய்யா."

எழுதிக்கொண்டேன். ஞாயிறு தோறும் ஒரு பந்தயம், இருபது சுற்று, முதலில் மூன்று வெற்றி பெறுபவர் வென்றவர். அன்று மாலை பிட்டர் என்னிடம் தனியாக வந்தார்.

"ஐயா, ஜெயிச்சா அந்தப் பலகையில என் பேரை எழுதுவீங்களா?"

"வென்றால் எழுதித்தானே ஆகணும்?"

"தமிழ்லதானுங்களே?"

"தமிழில்தான்."

"அது போதுங்க. எங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என் பேரு மட்டும் எப்படி இருக்கும்னு தெரியும்."

நீதியின் முழுப் பாரமும் என் தோளில் இறங்கியதை அந்தக் கணத்தில் உணர்ந்தேன். தோள் எவ்வளவு மெலிந்தது என்பதைத்தான் உணரவில்லை.

பதினான்கு விதிகள் எழுதினேன். தேயிலை மாதிரிகளை நிறுக்கும் சிறு தராசில் இரு கார்களையும் நிறுத்துப் பார்த்தேன். கைப்பிடிகளை மாற்றி மாற்றிச் சோதித்தேன். மிஞ்சியது ஒரே ஒரு குறை. உள்தடத்தில் ஓடும் காருக்குத் தூரம் குறைவு. வெளித்தடத்தில் ஓடுவதற்குத் தூரம் அதிகம். பாதையை எட்டு என்ற எண்ணைப்போல் ஒரு பாலம் வைத்துக் கோத்தால் இந்த வேறுபாடு தீர்ந்துவிடுமாம். ஆனால் பாலத் துண்டு பெட்டியில் இல்லை. இதைப் பற்றி நான் ஆழ்ந்த சிந்தனையில் இருந்தபோது பிட்டர் மெல்லச் சொன்னார்.

"பாதி ஓட்டத்துல தடத்தை மாத்திவிட்டாப் போதுங்கய்யா. மலையில நெறை போடுற மாதிரி."

"எதைப் போடுற மாதிரி?"

"நெறைங்க. கொழுந்து எடுக்குறவங்களுக்கு ஆளுக்கு ஒரு வரிசை விடுவாங்கள்ல? ஒரு நா நல்ல நெறை கெடச்சா மறுநா கல்லு நெறை. எங்க கங்காணி அப்படித்தான் போடுவாரு. யாரும் யாரையும் கோவிச்சுக்க முடியாது."

நாள்தோறும் அந்தப் பெண்கள் எடுத்த கொழுந்தின் நிறையை ஏட்டில் பதிந்த நான், அவர்களுக்குள் நிரை இப்படி மாறி வருவதைப் பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டறிந்ததில்லை. அறியாமையை மறைக்கும்போது மனிதனுக்குக் குரல் சற்று உயரும். எனக்கும் உயர்ந்தது.

"இது கழகம், தம்பி. மலையில்லை. இதற்கு நான் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறேன்."

பிட்டர் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டார்.

வேறு ஏற்பாடு என்னவென்றால், பூக்கட்டிப் பார்ப்பது. பெண் கொடுக்கலாமா, ஊருக்குப் போய்விடலாமா, வயிற்றைக் கீறி வைத்தியம் செய்யலாமா என்று மனம் தடுமாறும்போது, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமியின் முன்வைத்து ஒன்றை எடுக்கச் செய்வது எங்கள் வழக்கம். திருவுள்ளம் எதுவோ அது கையில் வரும். கழகத்து அலமாரியில் முருகன் படம் இருந்தது. வெள்ளை வந்தால் உள்தடம். சிவப்பு வந்தால் வெளித்தடம். மூத்தவர் முதலில் எடுக்கவேண்டும் என்பது பதினைந்தாவது விதி.

திருவுள்ளம் அறியும் காரியத்தில் மட்டமான பூ ஆகாது என்று, சனிக்கிழமை ரயிலில் கீழ்நாட்டிலிருந்து அட்டனுக்கு வரும் மல்லிகையை வாங்கி வரச் செய்தேன். சிவப்புக்கு எங்கள் வேலியோரத்துச் செம்பருத்தி. இரண்டையும் ஒரே அளவு தாளில், ஒரே மடிப்பாக, நானே மடித்தேன். கண்ணால் பார்த்து இது அது என்று எவராலும் சொல்ல முடியாது. அந்தப் பொட்டலங்களை நினைத்து நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முதல் ஞாயிறு. டீமேக்கர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தார். படத்தின் முன் நின்று, ஒரு பொட்டலத்தை இரு கைகளாலும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நீண்ட மூச்சு ஒன்று இழுத்து விட்டார். அதை வைத்துவிட்டு மற்றதையும் அவ்வாறே ஒற்றிக்கொண்டார். பிறகு ஒன்றைத் தேர்ந்து என்னிடம் நீட்டினார். மல்லிகை.

அவருடைய பக்தியில் நான் உருகிப்போனேன். மூச்சை இழுத்த அந்த வேளையில் அவர் மனம் முருகனின் ஆறெழுத்தில் ஒடுங்கியிருக்கும் என்று எண்ணினேன். பிட்டரிடம் சொல்லவும் சொன்னேன்: "பார்த்துக்கொள், தம்பி. எடுத்தால் இப்படி எடுக்கவேண்டும்."

அத்தோடு நான் நிற்கவில்லை. இரு கார்களுக்கும் திருநீறு சாத்தினேன். டீமேக்கரின் பச்சைக் கார் மூன்று முழத் தூரம் ஓடி மூச்சடங்கியது. பிட்டரின் சிவப்பு புறப்படவே இல்லை. பிட்டர் கார்களைக் கவிழ்த்து, அடியில் மின்சாரம் வாங்கும் செம்புக் குஞ்சங்களிலிருந்து திருநீற்றை ஊதி வெளியேற்றினார்.

"அதுகளுக்குச் சாம்பல் ஆகாதுங்கய்யா," என்றார், என் மனம் நோகாத குரலில்.

வளைவில் விழும் காரை எடுத்து மீண்டும் பள்ளத்தில் வைப்பதும் நடுவனாகிய என் பணி. ஒருமுறை பச்சைக் காரைத் திசை மாற்றி வைத்துவிட்டேன். அது திரும்பி ஓடாமல், போகவேண்டிய பக்கமே பின்புறமாக ஓடியது. கண்டாக்கையா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்கு முதுகு காட்டாம வெளிய போகுதுங்க! கிளாக்கரய்யா தொட்ட காருல்ல?"

அந்தப் பந்தயத்தில் டீமேக்கர் அரைச் சுற்று வேறுபாட்டில் வென்றார். அடுத்த ஞாயிறும் பொட்டலம் கண்ணில் ஒற்றப்பட்டது, மல்லிகை வந்தது, அரைச் சுற்றில் டீமேக்கர் வென்றார். இன்னும் ஒன்று வென்றால் போதும். பிட்டர் தோற்றபின்னும் கார்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் பலகையை ஒருமுறை பார்த்தார். "திருவுள்ளம்," என்று நான் ஆறுதல் கூறினேன். ஆறுதல் கூறுவதில் எனக்கு நிகர் அந்த வட்டாரத்தில் கிடையாது.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முன் நான்கு நாட்கள் விடாத மழை. டீமேக்கர் கழுத்தில் கம்பளித் துணி சுற்றி, கண்கள் நீர்வடிய வந்தார். பேசினால் எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகக் கேட்டது. பொட்டலங்களை ஒற்றிக்கொண்டார், மீண்டும் ஒற்றிக்கொண்டார், மூன்றாம் முறையும் ஒற்றிக்கொண்டார். எடுத்து நீட்டினார். செம்பருத்தி.

பிட்டர் உள்தடத்தில் ஓடி ஒரு முழுச் சுற்று முந்தி வென்றார். அன்று வீட்டுக்கு வந்து, திருவருள் இருவருக்கும் மாறி வழங்கும் விதத்தை என் மனைவிக்கு விரித்துரைத்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீமேக்கரய்யாவுக்குச் சளின்னீங்களே?"

"ஆமாம். பாவம், மூக்கே அடைத்துவிட்டது."

முறம் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க அந்த மல்லிகைப் பொட்டலத்தைக் கையில எடுத்துக்கிட்டு வாசல்ல எறங்கினா, அடுப்படியில இருக்குற எனக்கு மணக்குது. செம்பருத்தியில என்ன வாசம் இருக்கு? அவரு மூக்கை வச்சுச் சம்பளம் வாங்குறவரு. உங்க மூக்குக்குத்தான் பொடியைத் தவிர ஒண்ணும் தெரியாது."

முதலில் சினம் வந்தது. பிறகு இரண்டு ஞாயிறுகளும் கண்முன் வந்தன: ஒற்றிக்கொண்ட கைகள், இழுத்த மூச்சு, உருகிநின்ற நான். இரவு பதிகம் ஓத அமர்ந்தேன். நாவு ஓதியது, மனம் மட்டும் "பார்த்துக்கொள், தம்பி" என்ற என் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டது.

அப்போதே எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொல்லியிருந்தால் நான் நல்லவன். நான் செயலாளன், வேறு உபாயம் தேடினேன். இரண்டு பொட்டலங்களுக்கும் ஒரே மணம் இருந்தால் என் மானமும் நிற்கும், நீதியும் நிற்கும் அல்லவா? நான்காம் ஞாயிறு, வீட்டிலேயே இரு பொட்டலங்களின் மேலும் பன்னீரைத் தாராளமாகத் தெளித்து, ஒரு தட்டில் வைத்து எடுத்துச் சென்றேன்.

டீமேக்கருக்குச் சளி தெளிந்திருந்தது. படத்தின் முன் நின்று தட்டைப் பார்த்தார். கண்டாக்கையாவும் எட்டிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். கடைசியாக நானும் பார்த்தேன். ஈரத்தில் செம்பருத்தி சாயம் விட்டு, ஒரு பொட்டலம் காயத்துக்குக் கட்டிய துணியைப்போல் செவசெவ என்று ஆகியிருந்தது.

"இதுக்கு எதுக்குங்க பொட்டலம்?" என்றார் கண்டாக்கையா. "பூவை அப்படியே தட்டுல வச்சிருக்கலாமே!"

ஒளிவதற்கு இடம் இல்லாதபோது வரும் உண்மை அவ்வளவு உயர்ந்தது அன்று, ஆயினும் சொன்னேன். மல்லிகையின் மணத்தையும் என் மூக்கின் நிலையையும் பன்னீரின் காரணத்தையும் சொன்னேன். நடந்த மூன்று பந்தயங்களும் செல்லாது என்றேன். டீமேக்கரின் முகம் அடுப்பின் வாய்போலச் சிவந்தது.

"என்னைக் கள்ளன்னு சொல்றீங்களா?"

"என்னைத்தான் முட்டாள் என்கிறேன்."

"இந்தா பாருங்க. இருபது வருசமா என் மூக்கு சொல்றதை நான் கேக்குறேன். நான் சொல்றதை அது கேட்டதில்ல. சாமி முன்னால நின்னா மட்டும் மூச்சை அடக்கிக்கிட்டா நிப்பேன்?" என் பக்கம் திரும்பினார். "பதினஞ்சு விதி எழுதினீங்க. மோந்து பாக்கக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கா?"

இல்லை. அவர் செய்தது அறிந்தா, அறியாமலா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது. ஆனால் அடுத்த வார்த்தையை அவர்தான் சொன்னார்.

"செல்லாதுன்னா செல்லாது. இன்னைக்கு ஒரே ஓட்டம். தடத்துக்கு என்ன செய்யப் போறீங்க?"

நான் பிட்டரைத் திரும்பிப் பார்த்தேன். வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த நிரை ஏற்பாட்டை இன்னொரு தடவை சொல்லு, தம்பி. விதியாக எழுதிக்கொள்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை, அதை இன்றும் பெரிய உபகாரமாக நினைக்கிறேன். "பத்துச் சுத்து முடிஞ்சதும் கரண்டை நிறுத்துவோங்க. நின்ன எடத்துலயே காருங்களைப் பக்கத்துக் கோட்டுக்கு மாத்துவோம். பெறகு பத்து."

"அதான் மலையில எல்லாருக்கும் தெரியுமே," என்றார் கண்டாக்கையா.

"பிறகு ஏன் ஐயா அன்றைக்கே சொல்லவில்லை?"

"நீங்க பேசும்போது குறுக்க எவன் பேசுறது?"

டீமேக்கர் மூத்தவர் என்பதால் முதற்பாதி உள்தடம். பச்சைக் கார் அரைச் சுற்று முந்தியது. மின்சாரம் நின்றது, கார்களை மாற்றினோம். பிற்பாதியில் சிவப்பு சிறிது சிறிதாக நெருங்கியது. பதினெட்டாம் சுற்றில் இரண்டும் சேர்ந்து ஓடின. பத்தொன்பதாம் சுற்றின் வளைவில் டீமேக்கர் பொத்தானை ஒரு கணம் கூடுதலாக அழுத்திவிட்டார். பச்சைக் கார் பறந்து வந்து என் மடியில் விழுந்தது.

எடுத்து வைக்கவேண்டியவன் நான். இரண்டு நொடி தாமதித்தால் பலகையில் பிட்டரின் பெயர் வந்துவிடும். நான் செய்த தீங்கும் கழுவப்பட்டுவிடும். வேட்டிச் சுருக்கத்தில் கார் சிக்கியிருக்கிறது என்று சொன்னால் எவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பன்னீர் நினைவுக்கு வந்தது. என் நற்செயல்களைப் பார்த்து நானே அஞ்சத் தொடங்கியிருந்தேன். வாழ்நாளில் எந்தக் காரியத்தையும் செய்யாத விரைவில் அந்தக் காரை எடுத்து, முன்புறம் முன்னாக, பள்ளத்தில் வைத்தேன். அது சிவப்பைத் துரத்திக்கொண்டு போயிற்று. கடைசிக் கோட்டை ஒரு சாண் இடைவெளியில் சிவப்பு முதலில் தாண்டியது.

டீமேக்கர் கைப்பிடியை மேசையில் வைத்தார். ஒரு நாற்காலியைக் காலால் பிட்டர் பக்கம் தள்ளினார்.

"உக்காருப்பா. எவ்வளவு நேரந்தான் நிப்ப?"

பிட்டர் விளிம்பில் அமர்ந்தார். கண்டாக்கையா அவருடைய தோளை அழுத்தினார்.

"நல்லா சாஞ்சு உக்காரு. இது வளைவு இல்ல, தூக்கிப்போடாது."

மறுநாளே வண்ணமும் தூரிகையும் எடுத்து ஏணியில் ஏறினேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்கிருந்த செருக்கு அந்தப் பலகை அறியும். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பதிகத்தின் அசைபோல் நிறுத்தி எழுதினேன். மாலையில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிட்டரின் தாயார் வெறுங்கூடை முதுகில் தொங்க, கழகத்துச் சன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்த கண்கள் கடைசிப் பெயரில் நின்றன. உலகத்தில் அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அது.

நெடுநேரம் பார்த்தார். ஒரு பாராட்டை ஏற்கும் முகத்தோடு நான் காத்திருந்தேன்.

"சாமி," என்றார், "கடைசி எழுத்து கோணலா இருக்கே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது. மீண்டும் ஏணியில் ஏறினேன்.